ஐந்தாவது எழுத்தில் நின்ற 8 லட்சம்: ஒரு ஹார்டுவேர் வாலட் நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் வீட்டை லீஸுக்கு எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். காலி செய்யும்போது அது அப்படியே திரும்ப வரும். அல்சூர் ஏரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை 18 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தது ஒரு சேலத்துக் குடும்பம். வங்கியில் இருந்தது 5 லட்சம். மீதி 13 லட்சத்துக்கு அவர்கள் நம்பியிருந்தது கிரிப்டோவை. அதற்கான சாவி, பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த பென் டிரைவ் அளவுக் கருவி ஒன்றில் இருந்தது.

கணவர் மென்பொருள்காரர், அப்போது ஜெர்மனியில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தார். மனைவி முருகேஷ்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில், கணக்கு இருந்தது டீச்சர் பெயரில்; வாங்கிய பணம் டீச்சரின் வங்கிக் கணக்கிலிருந்து. பொத்தானை அழுத்தியது மட்டும் எப்போதும் கணவர். ஆக, எல்லாம் அவருடையதாக இருந்தும் அந்தக் கருவியை டீச்சர் ஒரு முறைகூட இயக்கியதில்லை. கணவர் என் பழைய ஆபீஸ் நண்பர். "நான் போன்ல சொல்றேன், நீ மட்டும் பக்கத்துல உட்காரு" என்றார். பெயர் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் டீச்சர், கணவர் என்றே எழுதுகிறேன்.

அவர்களிடம் இருந்தது இரண்டு வகை. ஒன்று, 2021 முழுக்க எஸ்ஐபி மாதிரி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய பிட்காயின். இன்னொன்று, அதே வருடம் ஈத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈதரின் விலை ஏறியபோது விற்று மாற்றிய யுஎஸ்டிடி, அதாவது ஒரு டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் டோக்கன். அது 9,000ச் சொச்சம் இருந்தது, ரூபாயில் சுமார் 8 லட்சம். 2024 ஜூலை 18 அன்று வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவுபோய், வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க முடியாமல் நின்றார்கள். இவர்கள் பணம் இருந்தது வேறொரு எக்ஸ்சேஞ்சில். ஆனாலும் அந்தச் செய்திக்குப் பிறகு கணவருக்குத் தூக்கம் வரவில்லை. பீரோவில் கிடந்த அந்தக் கருவியை, அதாவது ஹார்டுவேர் வாலட்டை, வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டார். இப்போது அதே பாதையில் திரும்ப வர வேண்டும்: கருவியிலிருந்து எக்ஸ்சேஞ்ச், அங்கே விற்பனை, பிறகு வங்கி.

கருவி எதைக் காக்கிறது

நாணயம் எதுவும் கருவிக்குள் இல்லை. நாணயங்களின் பதிவு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி. அந்தச் சாவியைத் திரும்ப உருவாக்கும் 24 வார்த்தைகள் தனியாக ஒரு தாளில். 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை அவை. பணம் அனுப்பும்போது லேப்டாப் ஒரு விண்ணப்பத்தைத் தயாரித்துக் கருவிக்குத் தரும். கருவி உள்ளேயே கையெழுத்திட்டுத் திருப்பித் தரும். சாவி வெளியே வராது. லேப்டாப் முழுக்க வைரஸ் இருந்தாலும் சாவி போகாது.

இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. இதற்குப் பிறகு வருவதைத்தான் புதியவர்கள் கேட்காமல் விடுகிறார்கள். சாவி பத்திரமாக இருந்தாலும், தவறான விண்ணப்பத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டால் பணம் போய்விடும். வாஸிர்எக்ஸ் தந்த விளக்கமே அதுதான்: கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறு. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து 4 லட்சம் ஈதருக்கு மேல், சுமார் 150 கோடி டாலர், போனதும் இதே வழியில்தான். கையெழுத்துக்குப் பயன்படுத்திய இணையப் பக்கத்தில் ஊடுருவியவர்கள் திரையில் சரியான பரிவர்த்தனையைக் காட்டினார்கள், கையெழுத்தானது வேறொன்று. அதைச் செய்தது வட கொரியா என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. அங்கேயும் ஹார்டுவேர் வாலட் இருந்தது. நிபுணர்கள் கையிலேயே இருந்தது.

ஆகவே ஒரு டீச்சர் தன் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்யும் வேலையில் கவனிக்க வேண்டியது சாவியை இல்லை. எங்கே போகிறது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்ற இரண்டைத்தான்.

லேப்டாப்பில் நடந்தது

கணவரின் லேப்டாப் ஜெர்மனியில். டீச்சரின் லேப்டாப்பில் வாலட் ஆப் கிடையாது. கணவர் போனில் வருவதற்குள் டீச்சரே கூகுளில் பெயரைத் தட்டித் தேடிவிட்டார். மேலே வந்தது விளம்பரம். அதைத் திறந்தால் அச்சு அசல் அதே லோகோ, "உங்கள் கருவியை இணைக்க 24 வார்த்தைகளை உள்ளிடவும்" என்று ஒரு பெட்டி. டீச்சர் தாளை எடுக்க பீரோவரை போய்விட்டார். நல்லவேளை, எடுத்து வந்ததும் என்னிடம் கேட்டார்.

இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த 24 வார்த்தைகளை லேப்டாப்பிலோ போனிலோ ஒருபோதும் தட்டக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. கேட்பது யாராக இருந்தாலும் திருடன்தான். கருவி கெட்டுப்போய்ப் புதுக் கருவி வாங்கினால், அந்தக் கருவியின் பொத்தானில் உள்ளிடலாம், அவ்வளவுதான். மெயில் வந்தாலும், பார்சலில் "மாற்றுக் கருவி" வந்தாலும் இதே கதைதான். ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் போன் எண்ணும் 2020இல் வெளியே கசிந்தன. அதன் பிறகு சிலர் வீட்டுக்கு நிஜமாகவே போலிக் கருவிகள் தபாலில் போயின.

கருவி உற்பத்தியாளரின் இணையதள முகவரியை அட்டைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பார்த்துத் தட்டி ஆப்பை இறக்கினோம். இணைத்த உடனே ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் பீரோவில் கிடந்த கருவி வேறென்ன கேட்கும்? இங்கே என் கருத்து, பணம் அனுப்பும் நாளில் ஃபர்ம்வேரில் கை வைக்கக் கூடாது. புதுப்பிக்கும்போது கருவி அழிந்து தொடக்கத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. அப்போது 24 வார்த்தைத் தாள் சரியாக இருக்கிறதா என்று பதற்றத்தில் பார்க்க வேண்டியிருக்கும். தவிர்க்க முடியாமல் போனால் செய்யலாம். எங்களுக்குத் தவிர்க்க முடிந்தது. லீஸ் கொடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்தார்கள்.

நெட்வொர்க்கும் கேஸும்

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் யுஎஸ்டிடிக்கு டெபாசிட் அட்ரஸ் (பணம் வந்து சேர வேண்டிய இடத்தைக் குறிக்கும் எழுத்து-எண் வரிசை) கேட்டால் நெட்வொர்க் பட்டியல் விரியும்: ஈத்தீரியம், ட்ரான், பிஎன்பி செயின், பாலிகான் என்று. டீச்சர் யூடியூபில் பார்த்திருந்தபடி "ட்ரான்லதான் சார்ஜ் கம்மியாம்" என்றார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. கருவியில் இருக்கும் டோக்கன் எந்த நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறதோ, அதே நெட்வொர்க்கில்தான் போகும். இவர்களுடையது ஈத்தீரியத்தில் இருந்தது. ஆகவே எக்ஸ்சேஞ்சிலும் ஈத்தீரியத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ட்ரானைத் தேர்ந்தெடுத்திருந்தால் பெரிய ஆபத்து இல்லை. அந்த அட்ரஸ் ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும்; ஈத்தீரிய வாலட் அதை வாங்கவே வாங்காது. வம்பு பிஎன்பி செயினிலும் பாலிகானிலும்தான். ஈத்தீரியத்தையும் சேர்த்து மூன்றுக்கும் அட்ரஸ் வடிவம் ஒன்று: ஜீரோ எக்ஸ் என்று தொடங்கி 40 எழுத்துகள். வாலட் எதிர்ப்பே காட்டாமல் அனுப்பிவிடும். எக்ஸ்சேஞ்ச் அந்த நெட்வொர்க்கைக் கவனிக்காவிட்டால் பணம் கணக்கில் ஏறாது, அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் மேல் மெயில்.

அடுத்த முட்டுக்கட்டை கேஸ் கட்டணம். ஈத்தீரியத்தில் எதை அனுப்பினாலும் கட்டணம் ஈதரில்தான். 9,000 யுஎஸ்டிடி இருந்தாலும் அதிலிருந்து கட்டணம் கழியாது. கருவியில் ஈதர் கிட்டத்தட்ட பூஜ்யம். கேஸ் என்பது ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் வேலையை அளக்கும் அலகு; சாதாரண ஈதர் அனுப்ப 21,000 கேஸ் போதும். யுஎஸ்டிடி மாதிரி டோக்கனுக்கு 45,000இலிருந்து 65,000 வரை ஆகும். நெரிசல் இல்லாத நேரத்தில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தச் சிறு தொகையும் இல்லையென்றால் 8 லட்சமும் நகராது. எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் ஈதர் வாங்கிக் கருவிக்கு அனுப்பினோம். அதுவும் உடனே நடக்கவில்லை. புதிதாக ஒரு வெளி அட்ரஸைச் சேர்த்தால் சில எக்ஸ்சேஞ்சுகள் ஒரு நாள் காத்திருக்க வைக்கும். அது யாருடைய வாலட் என்றும் கேட்கும். 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் இந்திய எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகு இந்தக் கேள்விகள் வழக்கமாகிவிட்டன. "சொந்த வாலட்" என்று உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலை பணம் வேண்டும் என்றிருந்தார். ஒரு நாள் இதில் போனது. அவசரம் உள்ளே வந்தது அப்போதுதான்.

20 யுஎஸ்டிடி, பிறகு மீதி

சோதனைக்கு 20 யுஎஸ்டிடி அனுப்புவது என்று முடிவானது. இன்னும் குறைத்து 1 அனுப்பலாமே என்றார் கணவர். எக்ஸ்சேஞ்சுகளில் குறைந்தபட்ச டெபாசிட் தொகை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே வந்தால் கணக்கில் காட்டாது. சோதனை தோற்றதா ஜெயித்ததா என்றே தெரியாமல் போகும். ஆகவே 20.

எக்ஸ்சேஞ்ச் ஆப் டீச்சரின் போனில். வாலட் ஆப் லேப்டாப்பில். போனிலிருந்து அட்ரஸைத் தனக்கே மெயில் செய்து, லேப்டாப்பில் காப்பி-பேஸ்ட் செய்தார். கருவியின் குட்டித் திரையில் தொகை வந்தது, அட்ரஸ் துண்டு துண்டாக வந்தது. இப்போது ஒப்பிட வேண்டும். எதோடு?

கருவித் திரையையும் லேப்டாப் திரையையும் ஒப்பிடு என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். அது பாதி வேலை. லேப்டாப்பில் கிளிப்போர்டு வைரஸ் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் காப்பி செய்த அட்ரஸை, பேஸ்ட் செய்யும்போது அது தன் அட்ரஸாக மாற்றிவிடும். லேப்டாப் திரையிலும் திருடன் அட்ரஸ், கருவித் திரையிலும் அதே திருடன் அட்ரஸ். இரண்டும் பொருந்தும், பணம் போகும். ஒப்பிட வேண்டியது, அட்ரஸ் பிறந்த இடத்தோடு: இங்கே போனில் திறந்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆப்போடு. லேப்டாப்பை நடுவில் வரும் ஒரு தபால்காரனாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சர் கருவியைப் பார்த்து வாசித்தார், நான் போனைப் பார்த்துச் சரிபார்த்தேன். ஈத்தீரிய அட்ரஸில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் எண்களும்தான் வரும். பி, சி, டி, இ எல்லாம் காதில் ஒன்றுபோலவே விழும், அதுவும் பக்கத்தில் மிக்ஸி ஓடினால் சொல்லவே வேண்டாம். டீச்சரே ஒரு முறை வைத்துக்கொண்டார்: ஏ என்றால் அரக்கோணம், பி பெங்களூரு, சி கோயம்புத்தூர், டி திண்டுக்கல், இ ஈரோடு, எஃப் ஃப்ரேசர் டவுன். "ஏழு, அரக்கோணம், மூணு, ஃப்ரேசர் டவுன், திண்டுக்கல்..." என்று 40 எழுத்தையும் வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கருவியில் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் 20 ஏறியது. கவனிக்க: வாலட்டில் "உறுதியானது" என்று வந்ததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை; எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இருப்பு கூடியதைத்தான் எடுத்தோம்.

கணவருக்கு அங்கே மீட்டிங். "அதான் போயிடுச்சே, அதே அட்ரஸுக்கு மொத்தத்தையும் அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டீச்சர் வாலட் ஆப்பின் வரலாற்றுப் பட்டியலைத் திறந்தார். மேலேயே இருந்தது: 20 யுஎஸ்டிடி, அனுப்பியது. அதைத் தொட்டு அட்ரஸைக் காப்பி செய்தார். முழு இருப்பையும் தட்டினார். கருவி விழித்தது. முதல் நான்கு எழுத்தைப் பார்த்தார், கடைசி நான்கைப் பார்த்தார். "அதேதாண்ணா" என்றார். விரல் பொத்தான் மேல்.

மறுபடி முழுசாக வாசிங்க என்றேன். கொஞ்சம் சலிப்போடுதான் ஆரம்பித்தார். "ஏழு, அரக்கோணம், மூணு, ஃப்ரேசர் டவுன், எட்டு..."

போனில் அந்த இடத்தில் திண்டுக்கல் இருந்தது.

கருவியில் நிராகரிக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் பட்டியலை நிதானமாகப் பார்த்தோம். 20 யுஎஸ்டிடி அனுப்பியதாக இரண்டு வரிகள் இருந்தன. கீழே இருந்தது நாங்கள் அனுப்பியது. மேலே இருந்தது சில நிமிடம் கழித்து வந்தது, அதை டீச்சர் அனுப்பவே இல்லை.

அந்த இரண்டாவது வரி எப்படி வந்தது

இதை அட்ரஸ் பாய்சனிங் என்கிறார்கள். ஈத்தீரியத்தில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் பொதுவெளியில் தெரியும். அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. ஒருவர் பெரிய இருப்பு வைத்துக்கொண்டு சிறிய தொகை அனுப்பினால், அவை உடனே ஊகித்துவிடும்: இது சோதனை, அடுத்து பெரிய தொகை வரப்போகிறது.

பிறகு, அனுப்பப்பட்ட அட்ரஸின் தலையும் வாலும் ஒத்த ஒரு அட்ரஸைத் தயாரிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் 16 வாய்ப்புகள். முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துவர வேண்டுமென்றால் 16ஐ எட்டு முறை பெருக்க வேண்டும்: சுமார் 429 கோடி. மனிதனுக்கு மலைப்பான எண். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் கூடுதலாக ஒத்துவர வேண்டிய ஒவ்வோர் எழுத்துக்கும் வேலை 16 மடங்காகப் பெருகும். 40ம் ஒத்துவரும் அட்ரஸை உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளையும் சேர்த்தாலும் தயாரிக்க முடியாது. நடு எழுத்துகளை வாசிப்பது ஏன் வீண் வேலை இல்லை என்பதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

சரி, அனுப்பாத ஒன்று "அனுப்பியது" என்று எப்படிப் பதிவாகும்? யார் வேண்டுமானாலும் ஈத்தீரியத்தில் யுஎஸ்டிடி என்றே பெயர் வைத்து ஒரு போலி டோக்கனை உருவாக்கலாம். அந்தப் போலி டோக்கனின் நிரல், இந்த அட்ரஸிலிருந்து அந்த அட்ரஸுக்கு 20 போனது என்று தன்னிஷ்டத்துக்கு ஒரு பதிவு எழுதும். டீச்சரின் கையெழுத்து தேவையே இல்லை, ஏனென்றால் டீச்சரின் எந்தப் பணமும் நகரவில்லை. அசல் டோக்கனிலேயே பூஜ்யம் தொகையை அடுத்தவர் பெயரில் நகர்த்திப் பதிவு உண்டாக்கும் வழியும் இருக்கிறது. சில ஆப்புகள் இப்போது இவற்றை மறைக்கின்றன அல்லது எச்சரிக்கின்றன. எங்கள் ஆப் அன்று எதையும் சொல்லவில்லை.

பழைய உதாரணம் ஒன்று இங்கே பொருந்துகிறது. 2024 மே மாதம் ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை (பிட்காயின் மதிப்பை ஒட்டி நிற்கும் ஈத்தீரிய டோக்கன்), அப்போதைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, இப்படி ஒரு போலி அட்ரஸுக்கு அனுப்பிவிட்டார். அவரும் முதலில் கொஞ்சம் ஈதர் அனுப்பிச் சோதித்துப் பார்த்தவர்தான். அந்தச் சோதனைதான் நிரல்களை அழைத்து வந்தது. பிறகு செய்தி பரவி, பேச்சுவார்த்தை நடந்து, எடுத்தவர் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். அல்சூரில் வீடு பிடிக்கும் டீச்சருக்கு அப்படி யாரும் திருப்பித் தர மாட்டார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்யலாம், சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம், செய்யவும் வேண்டும். ஆனால் வங்கிப் பரிமாற்றத்தைப் போல நடுவில் மறித்து நிறுத்திவைக்க ஈத்தீரியத்தில் ஒரு மேனேஜர் உட்கார்ந்திருக்கவில்லை.

சோதனைத் தொகை அனுப்புவது வீண் என்று சொல்ல வரவில்லை. அது நெட்வொர்க் சரியா, அட்ரஸ் சரியா, எக்ஸ்சேஞ்ச் வரவு வைக்கிறதா என்று மூன்றையும் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அது சோதித்தது அந்த ஒரு முறை ஒட்டிய அட்ரஸை. இரண்டாவது முறை எங்கிருந்து எடுத்து ஒட்டுகிறோம் என்பதை அது சோதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் பக்கத்திலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். வரலாற்றுப் பட்டியல் கணக்கு பார்க்க, காப்பி செய்ய இல்லை.

இன்னொரு விஷயம். அன்று டீச்சர் பார்த்தது பணம் உண்மையில் போகவிருந்த அட்ரஸ், நிஜமான தொகை, கருவித் திரையில் தெளிவாக. எல்லா நேரமும் அப்படி வராது. சில டோக்கன்களுக்கும் சில ஆப்புகளுக்கும் கருவி புரிந்துகொள்ள முடியாமல், கண்ணை மூடிக் கையெழுத்திட அனுமதி கேட்கும். அமைப்புகளில் அந்த வசதியை இயக்கச் சொல்லும். வெறுமனே பணம் அனுப்புகிற ஆள் அதை இயக்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டால், ஏதோ தவறு என்று நிறுத்திவிடுவது நல்லது.

பட்டியலில் வந்த அந்தப் போலி 20ஐ என்ன செய்வது என்று கணவர் பிறகு கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம். அது உங்கள் பணத்தைத் தொடாது. அதை விற்கவோ "நீக்கவோ" வழி காட்டும் இணைப்பு எதையாவது தொட்டால்தான் தொந்தரவு.

பிட்காயின் பக்கம்

இது கொஞ்சம் சாதுவாகப் போனது, ஒரு பயத்தைத் தவிர.

முதலில் அட்ரஸின் உருவம். இவர்கள் கருவியில் அட்ரஸ் 'பிசி1க்யூ' என்று தொடங்கியது. எக்ஸ்சேஞ்ச் தந்தது 3 என்ற எண்ணில் தொடங்கியது. நெட்வொர்க் மாறிவிட்டதோ என்று டீச்சர் நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரிதான், ஆனால் இரண்டும் பிட்காயின் அட்ரஸ்தான், ஒன்று பழைய வடிவம், ஒன்று புதியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாக அனுப்பலாம். புதிய வடிவத்தில் ஒரு வசதி, குழப்பம் தரும் சில எழுத்துகளை விட்டுவிட்டார்கள். நான்கு எழுத்துவரை தவறினாலும் வாலட் கண்டுபிடித்து மறுத்துவிடும். தட்டச்சுப் பிழைக்கு அது காவல். முழுசாகவே வேறொருவர் அட்ரஸாக இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

பிறகு கட்டணம். வாலட் காட்டிய தொகையைப் பார்த்து, இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவா என்றார். பிட்காயின் கட்டணம் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனையின் அளவைப் பார்க்கிறது. கணவர் கருவிக்கு மாற்றியபோது மொத்தமாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனியாக எடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே பதினைந்து சில்லறை நோட்டுகள் கிடந்தன என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நோட்டையும் எடுத்துச் சேர்க்க சுமார் 68 விபைட் (பரிவர்த்தனையின் அளவைக் கணக்கிடும் அலகு). பதினைந்தும் சேர்ந்தால் ஆயிரத்துச் சொச்சம். ஒரே நோட்டாக இருந்திருந்தால் மொத்தமும் 140 சுற்றில் முடிந்திருக்கும். அவசரமில்லாதவர்கள் நெரிசல் குறைந்த நேரம் பார்த்து விபைட்டுக்கு ஓரிரண்டு சதோஷியில்கூட (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) அனுப்பலாம். 2024 ஏப்ரல் 20இல் பிட்காயின் பாதியாக்கம் (புதிதாக வெளியாகும் பிட்காயின் பாதியாகக் குறையும் நிகழ்வு) நடந்த அன்று சராசரிக் கட்டணமே நூறு டாலரைத் தாண்டியது. அப்படி ஒரு நாளில் மாட்டிக்கொண்டால் காத்திருப்பதே புத்தி. எங்களுக்கு அன்று சாதாரண நாள். நடுத்தரக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பின்னர் உயர்த்தும் வசதி இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம்.

வழக்கம்போலச் சிறு தொகை, அப்புறம் தேவையான தொகை. அரக்கோணமும் ஃப்ரேசர் டவுனும் இங்கே போதவில்லை. பழைய வடிவத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் கலந்து வருவதால் "பெரிய" "சின்ன" என்று சேர்த்து வாசித்தார்.

பயம் வந்தது அனுப்பிய பிறகு. கொஞ்சம் பிட்காயினைக் கருவியிலேயே மிச்சம் வைத்திருந்தார்கள். டீச்சர் ஆர்வத்தில் தன் பழைய அட்ரஸ்களில் ஒன்றை பிளாக் எக்ஸ்ப்ளோரரில், அதாவது பிளாக்செயின் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் இணையதளத்தில், போட்டுப் பார்த்தார். இருப்பு பூஜ்யம். பரிவர்த்தனையில் இரண்டு அட்ரஸ்களுக்குப் பணம் போயிருந்தது. ஒன்று எக்ஸ்சேஞ்ச், இன்னொன்று யாரென்றே தெரியாத அட்ரஸ். "அண்ணா, மீதியும் போயிடுச்சா?"

போகவில்லை. பிட்காயினில் நோட்டுகள் முழுசாகத்தான் செலவாகும். மீதிச் சில்லறை, அதே வாலட்டின் இன்னொரு புது அட்ரஸுக்குத் திரும்ப வரும். அந்தத் தெரியாத அட்ரஸ் அவர்களுடையதுதான். தன்னுடைய அட்ரஸ் என்று கருவிக்கு அடையாளம் தெரிந்ததால் அதைத் திரையில் காட்டி அனுமதி கேட்கவில்லை. வாலட் ஆப்பில் மொத்த இருப்பைக் காட்டினேன், சரியாக இருந்தது. புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பதறி, உதவி கேட்டு எங்காவது எழுதி, உதவுகிறேன் என்று வரும் முதல் ஆளிடம் 24 வார்த்தைகளைக் கொடுக்கிறார்கள். பணம் போகாத நேரத்தில் பணம் போனதாக நினைத்து, அப்புறம் நிஜமாகவே இழக்கிறார்கள்.

விற்பனையும் வரியும்

ஒருவர் தன் வாலட்டிலிருந்து தன் எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு அனுப்புவது விற்பனை இல்லை. அதற்கு வரி கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ரூபாய்க்கு விற்கும்போதுதான் கணக்கு தொடங்குகிறது. விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். இது 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 13 லட்சத்துக்கு விற்றால் 13,000 குறைவாகத்தான் கைக்கு வரும். இதைக் கணவர் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் கூடுதலாக விற்க வேண்டியிருந்தது.

லாபத்தின் மேல் 30 சதவீதம், அதற்கு மேல் செஸ். 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். கேஸ், நெட்வொர்க் கட்டணம் எதையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. யுஎஸ்டிடியில் லாபம் டாலர் விலை ஏறிய அளவுதான். பிட்காயினில் அப்படி இல்லை, 2021இன் நடுவில் வாங்கிய சில மாதங்கள் நல்ல லாபத்தில் இருந்தன. அதற்கான வரியை லீஸ் பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடாமல், தனி ஆர்டி கணக்கு மாதிரி ஒதுக்கச் சொன்னது டீச்சரின் யோசனை.

வாங்கிய விலைக்குச் சான்று வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்சின் 2021 வர்த்தக அறிக்கையை டீச்சரின் மெயிலில் தேடி எடுத்தார்கள். மாதாமாதம் வங்கியிலிருந்து போன தொகைகளோடு ஒப்பிட்டு ஒரு எக்ஸெல் தாள் போட்டார். கருவிக்கு அனுப்பிய தேதிகளும் அதே தாளில் இருக்கின்றன, ஏனென்றால் கருவியில் இருந்து வந்த பிட்காயினும் எக்ஸ்சேஞ்சில் வாங்கிய பிட்காயினும் ஒன்றுதான் என்று காட்ட ஆடிட்டருக்கு அந்தத் தொடர்ச்சி தேவைப்பட்டது. அட்ரஸ் நெடுவரிசையில் எல்லா எழுத்தும் முழுசாக இருக்கின்றன.